மணி பிறந்த மேடுகள்

பாசிமணி கோத்து ஆபரணம் செய்யப் பழகும் பெண்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே தடை வந்து சேர்கின்றது. ஊசி கைக்கு அடங்கிவிடும். நூல் முறுகாமற் செல்லும். முடிச்சு ஒழுங்காக இறுகும். அதன் பின்னரே, "இனி எதைச் செய்வது?" என்ற கேள்வி எழும். கடையில் விற்கும் மாதிரித் தாளைப் பார்த்து ஒரு மாலை செய்யலாம், இரண்டு செய்யலாம். மூன்றாவது மாலை பிறர் செய்ததன் நிழலாகவே முடியும். கைவேலையில் நன்கு தேறிய பலர் இவ்விடத்திற் சோர்ந்து, மணிப் பெட்டியை மூடி அலுமாரியில் வைத்துவிடுவதை நான் கண்டிருக்கின்றேன்.

இத்தகைய சோர்வுக்கு என்னிடம் உள்ள மருந்து ஒன்றே. மணி எங்கே பிறந்தது, எப்படிப் பிறந்தது என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் அது. பூவையும் வண்ணத்துப் பூச்சியையும் பார்த்து மாதிரி வரையலாம் என்று எல்லா நூல்களும் சொல்லும். சொல்லட்டும். ஆனால், தச்சன் மரத்தை அறிந்திருப்பதுபோல, மணி கோப்பவள் மணியை அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

என் தங்கையின் மகள் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக மாணவி. விடுமுறை நாட்களில் மணிமாலை செய்து, கொப்பி புத்தகச் செலவைத் தானே ஈட்டிக்கொள்பவள். அவளையும் அழைத்துக்கொண்டு இரு மேடுகளைப் பார்க்கப் புறப்பட்டேன். ஒன்று நமது மாதோட்டத்தில் உள்ளது. மற்றது கடலுக்கு அப்பாற் புதுச்சேரிக்கு அருகே உள்ளது. புறப்படுமுன் அவள் ஒரு செய்தி சொன்னாள். கொழும்பில் நகை விற்கும் ஒருவர் அவளுடைய மாலைகளைப் பார்த்து, "பழங்காலத்து மணி நாலைந்தை நடுவில் வைத்துக் கோத்துத் தந்தால் பத்து மடங்கு விலை தருவேன்" என்றாராம். "பெரியம்மா, அந்த மேடுகளில் அப்படியான மணிகள் கிடக்குமாமே?" என்று கேட்டாள். போய்ப் பார்ப்போம் என்பதற்கு மேல் நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

சங்குப்பிட்டிப் பாலம் 2011ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்தார் மன்னாருக்குப் போவது எளிதாகிவிட்டது. பூநகரியையும் வெள்ளாங்குளத்தையும் விடத்தல்தீவையும் கடந்து பஸ் வண்டி தெற்கே ஓடுகின்றது. ஒருபுறம் உவர் நிலமும் கடற்காற்றும், மறுபுறம் பற்றைக்காடும் வயலுமாக வழி நீளுகின்றது. மன்னார்த் தீவுக்குத் திரும்புமுன்னரே திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் கிளைவழி வந்துவிடும். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. கருங்கல்லாற் புதிதாக எடுக்கப்பட்ட கோவிலுக்கு 2022ஆம் ஆண்டிலே குடமுழுக்கு நடைபெற்றது. பாலாவியிற் கைகால் கழுவிக் கும்பிட்டுத் திரும்பும் அடியார்களுட் பெரும்பாலோர், கோவிலைச் சூழ்ந்துள்ள நிலம் மேடாக உயர்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை. அந்த மேடுதான் மாந்தை. பாளி நூல்கள் மகாதித்த என்றழைக்கும் பழந்துறைமுகம் இதுவே.

இரட்டை அகழி சூழ்ந்த இந்த மேட்டினை 1880களிலும், பின்னர் 1920களிலும், 1950ஐ ஒட்டிய காலத்திலும் ஆராய்ச்சியாளர் சிறிது சிறிதாகத் தோண்டிப் பார்த்தனர். ஜோன் காஸ்வெல் என்பவர் தலைமையில் 1980ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய அகழாய்வு, 1984இல் நாட்டின் நிலைமை காரணமாக நின்றுபோயிற்று. அவ்வாய்வின் முழு அறிக்கை நூலாக வெளிவர 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்த கையோடு 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியபோது மிளகும் கராம்பும் கருகிய நிலையில் அகப்பட்டன. கராம்பு விளைந்த தீவுகள் இந்தோனேசியாவின் கீழ்க்கோடியில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கராம்பு மொட்டு அவ்வளவு தொலைவு கடந்து மாந்தை அடுக்களைக்கு வந்திருக்கின்றது!

வந்தது கராம்பு, போனது எது? போன பொருள்களுள் ஒன்று மணி என்பர். அமெரிக்கரான பீற்றர் பிரான்சிஸ் என்னும் அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மணிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே செலவிட்டவர். 2002ஆம் ஆண்டிற் காலமானார். கிழக்காபிரிக்கக் கரை தொடங்கிக் கொரியா, ஜப்பான் வரைக்கும் பழைய புதைகுழிகளிலும் குடியிருப்புகளிலும் கிடைக்கும் ஒருவகைச் சிறு கண்ணாடி மணிகளுக்கு 'இந்தோ பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவர் அவரே. அவை பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்கு உட்பட்டவை, ஒரே நிறத்தவை, சித்திர வேலை எதுவும் இல்லாதவை. அத்தொழில் முதலில் அரிக்கமேட்டிலே தழைத்து, பின்னர் மாந்தைக்கும் தென்கிழக்காசியத் துறைமுகங்கள் சிலவற்றுக்கும் தொழிலாளரோடு பரவியது என்பது அவர் கருத்து. கண்ணாடியின் இரசாயனச் சேர்க்கையை அளந்து ஆராயும் பின்வந்தோர் இதிற் சில இடங்களைத் திருத்தியுள்ளனர். ஆயினும், தென்னிந்தியாவும் இலங்கையும் இம்மணிகளின் தாய்வீடுகள் என்பதில் ஐயமில்லை. நமது நாட்டிலே கிரிபாவ என்னுமிடத்திற் கண்ணாடியையே உருக்கி ஆக்கிய பழைய உலைகளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

மேட்டின் மீது நடந்தோம். பார்வைக்கு அது வெறும் மண்தான். ஓட்டுத் துண்டுகளும் சிறு கற்களும் கலந்து கிடந்தன. முதல் நாள் மழை பெய்திருந்தது. நீர் அரித்த ஒரு சிறு வாய்க்காலில், கடுகிலும் சற்றே பெரிதான செம்மணி ஒன்று மின்னாமற் கிடந்ததைப் பெறாமகளின் கண் கண்டுவிட்டது. குனிந்தாள். எங்களோடு வழிகாட்ட வந்த இளைஞர், "அக்கா, அதை அங்கேயே விட்டுவிடுங்கள்" என்றார் மிகத் தணிவாக.

அவர் சொன்ன காரணத்தை வாசகர்களுக்கும் சொல்வது பயன் தரும். மண்ணுக்குள் இருக்கும் மணி தனியாக இருப்பதில்லை. அதன் அருகே ஒரு பானை ஓடு இருக்கும். ஒரு கரித்துண்டு இருக்கும். ஒரு நாணயம் இருந்தாலும் இருக்கும். எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலத்தையும், அதை அணிந்தவரின் வாழ்வையும் கணிக்கின்றார்கள். கையில் எடுத்த கணமே அந்தச் சுற்றம் முழுவதும் அறுந்துபோகின்றது. பிறகு அது வெறும் சிவப்பு மணி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய பொருள்களைப் பாதுகாக்கின்றது என்பதும் உண்மையே. ஆனால், அந்த இளைஞர் சட்டத்தைச் சொல்லி மிரட்டவில்லை. பெறாமகள் கொப்பியை எடுத்து மணியின் உருவத்தைப் பெரிதாக வரைந்துகொண்டாள். ஒருபக்கம் சற்று நீண்டும் மறுபக்கம் சற்றுக் குறுகியும், சாய்த்து வெட்டிய வெண்டிக்காய்த் துண்டுபோல் இருந்தது அது.

அந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு. இவ்வகை மணி ஒவ்வொன்றும் தனித்தனியே உருட்டிச் செய்யப்பட்டதன்று. உருகிய கண்ணாடியை ஓர் இரும்புக் குழாயின் நுனியிற் பெரிய கூம்பாகத் திரட்டி, உள்ளே துளை விழும்படி செய்து, உலையின் எதிர்ப்புறத்திலிருந்து கொக்கியாற் பிடித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கூம்பு கரைந்து, தடித்த நூலளவு மெல்லிய, நீண்ட கண்ணாடிக் குழல் வந்துகொண்டே இருக்கும். உள்ளிருக்கும் துளையும் அறாமல் உடன் வரும். அக்குழலை முறித்து அடுக்கி, கூரிய அலகில் வைத்துச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். வெட்டுவாய் கூர்மையாக இருக்குமாதலால், துளைகள் உருகி அடைபடாதபடி சாம்பலிட்டு மீண்டும் சூடாக்கிக் கிளறுவார்கள். விளிம்பு மழுங்கி மணி உருண்டு வரும். சாம்பலைச் சலித்து நீக்கி, பருமன் வாரியாகப் பிரித்துக் கோத்தால் வேலை முடிந்தது.

இம்முறை நூல்களில் மட்டும் எஞ்சிய செய்தியன்று. ஆந்திர தேசத்திலே திருப்பதிக்கு அணித்தான பாப்பாநாயுடுபேட்டை என்னும் சிற்றூரில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இவ்வாறே மணி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் அங்கு சென்று உலையின் அருகிருந்து பார்த்த பிறகே, மண்ணிற் கிடைத்த பழைய குழல் துண்டுகளும் கழிவுகளும் எதன் எச்சம் என்பதைத் தெளிவாக விளக்கினார். நூல் படித்தவர் விளங்கிக்கொள்ள முடியாததை உலையடியில் நின்ற தொழிலாளி கையாற் காட்டிவிட்டான்.

உங்கள் வீட்டிலுள்ள மணிகளைக் கூட இதைக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். பூதக்கண்ணாடி ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும். ஒளி ஊடுருவும் கண்ணாடி மணியின் உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் தென்படும். குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டு சென்றால், அது குழலாக இழுத்து வெட்டிய மணி. துளையைச் சுற்றி வளைந்து கிடந்தால், கம்பியொன்றின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணி. மாணவர்கள் இதை ஒருநாள் மாலைப் பொழுதிற் செய்து பார்க்கட்டும். பாட்டியின் பெட்டிக்குள் இருக்கும் பழைய கருகமணி வியப்பான செய்தி ஏதேனும் சொல்லக்கூடும்.

மாந்தையிலிருந்து புதுச்சேரிக்கு மணி போன வழி கடல்வழி. நாங்கள் போனது ஆகாயவழி. பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கி, கடற்கரைச் சாலையாற் புதுச்சேரியை அடைந்தோம். அந்நகரின் நேரான தெருக்களைப் பற்றியும் மஞ்சட் சுவர்களைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். அவர்களுக்கே அதை விட்டுவிடுகின்றேன். எங்களுக்கு வேண்டியிருந்தது அங்குள்ள நூதனசாலை. அரிக்கமேட்டிற் கிடைத்த பொருள்களுள் ஒரு பகுதியை அங்கே கண்ணாடிப் பேழைகளில் வைத்திருக்கின்றார்கள்.

கல்மணிகளே முதலிற் கண்ணைக் கவர்ந்தன. சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல், கார்னட் என்று பல வகை. தமிழகத்திலே கொங்குநாட்டுக் கொடுமணலிலும் இத்தகைய கல்மணித் தொழில் சிறந்திருந்ததை அங்கு நடந்த அகழாய்வுகள் காட்டியுள்ளன. அரிசிமணி அளவுள்ள கல்லிற் குறுக்கே துளையிட்டவனுடைய பொறுமையை நினைத்தால் மலைப்பாயிருக்கின்றது. ஆயினும், பெறாமகள் அவற்றை விட்டுக் கண்ணாடி மணிகளின் முன்னே போய் நின்றுவிட்டாள். செங்கற் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம், கறுப்பு, கடலின் கரையோர நிறமான பச்சைநீலம்: நிறங்கள் அவ்வளவுதான். "இத்தனை குறைந்த நிறத்தை வைத்துக்கொண்டா பாதி உலகத்துக்கு விற்றார்கள்?" என்றாள். அவள் வீட்டுப் பெட்டியில் எழுபது நிறத்துக்கு மேல் உண்டு.

இந்நிறங்களின் கதையை நான் முன்னர் படித்திருந்தேன்; அங்கு நின்றபடியே அவளுக்குச் சொன்னேன். செங்கற் சிவப்பு மணிக்கு நிறம் தருவது செம்பு. பச்சைநீல மணிக்கு நிறம் தருவதும் அதே செம்புதான். உலையிற் காற்றைக் குறைத்துப் புகை மூடும்படி எரித்தாற் செம்பு சிவப்பாகத் திரளும். காற்றை நன்கு விட்டு எரித்தால் அதுவே பச்சைநீலமாகக் கரையும். மஞ்சள் நிறம் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்க்கையால் வருவது. அந்த மஞ்சளோடு செம்பையும் கூட்டினாற் பச்சை. கருநீலத்துக்குக் கோபால்ற்று என்னும் உலோகம் வேண்டும். அது சிறிதளவே போதும், ஆனால் எங்கும் கிடைப்பதன்று.

பெறாமகள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கொப்பியைத் திறந்து ஏதோ வரையத் தொடங்கினாள். சிவப்பும் பச்சைநீலமும் ஒன்றுக்கொன்று பகை நிறங்கள் என்றே தையல் வகுப்பிற் கற்பிப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாற் கண் கூசும் என்பார்கள். இங்கோ அவை ஒரே செம்பின் இரு பிள்ளைகள். அந்த உறவை மாலையிற் காட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கின்றது. ஒருபக்கத் தோளிற் சிவப்பாகத் தொடங்கி, மெல்லக் கறுத்து, மார்பின் நடுவிற் கறுப்பும் கருநீலமுமாகி, மறுதோளுக்கு ஏறும்போது பச்சைநீலமாக வெளுக்கும் ஒரே சரம். உலைவாயிற் காற்றைச் சிறிது சிறிதாகத் திறப்பதுபோல. எந்த மாதிரித் தாளிலும் இல்லாத மாலை அது.

மறுநாட் காலையில் அரிக்கமேட்டுக்குச் சென்றோம். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீற்றர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னே, அதன் கரையோரமாக அந்த மேடு இருக்கின்றது. மாமரமும் தென்னையும் நிழல் பரப்புகின்றன. பழைய பாதிரிமார் கட்டடமொன்றின் இடிந்த செங்கற்றூண்கள் மட்டும் நிற்கின்றன. ஆற்று நீர் அசையாமற் கிடந்தது. ஒருகாலத்தில் இங்கே உலைகள் புகைந்தன, உரோம நாட்டிலிருந்து வந்த மட்கலங்கள் இறங்கின என்று சொன்னால் நம்புவது கடினம்.

1937ஆம் ஆண்டில் ஜூவோ துப்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர், ஊர்ச் சிறுவர்களிடமிருந்து கல்மணிகளை வாங்கியபோது, உரோமச் சக்கரவர்த்தி அகஸ்டசின் முகம் செதுக்கிய கல்லொன்றையும் கண்டார். அதிலிருந்தே இம்மேட்டின் புகழ் தொடங்கிற்று. 1945இல் மோற்றிமர் வீலர் இங்கு தோண்டினார். அவருக்குப் பின் கசால் என்பவர் 1947 முதல் 1950 வரை தோண்டினார். வீலர் உரோமக் கலங்களின் காலத்தைக் கொண்டு மேட்டின் காலத்தைக் கணித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் நடத்திய ஆய்வோ, உரோமர் வருமுன்னரே இங்கு மக்கள் வாழ்ந்து தொழில் செய்தார்கள் என்றும், உரோம வாணிகம் ஒடுங்கிய பின்னரும் இவ்விடம் வெறுமையாகிவிடவில்லை என்றும் எடுத்துக்காட்டியது. உரோமர் வந்ததனால் மட்டும் இவ்விடம் பெருமை பெற்றதென்று இன்றும் சிலர் எழுதுகின்றார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வாங்க வந்தவனுக்காகக் கடையைப் புகழ்வார் உண்டோ?

மாமர நிழலில் ஒரு மூதாட்டி இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு வெட்டித் தரச் சொன்னோம். குடித்து முடித்ததும், அவர் மடியிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி மணிகள்! மஞ்சளும் சிவப்பும் கருநீலமும், முதல் நாள் பேழைக்குள்ளே பார்த்த அதே மணிகள். நைந்த நூலொன்றிற் பாதி கோத்தும் பாதி உதிரியுமாக இருந்தன. "பழைய காலத்து மணி அம்மா. மழை பெய்தால் மேலே வரும். எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கேட்ட விலை எங்கள் வழிச்செலவைவிடக் குறைவு. கொழும்பில் அதன் விலை என்னவாகும் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை; பெறாமகள் முகத்திலே அந்தக் கணக்கு ஓடியது தெரிந்தது.

"ஆச்சி, இதை எந்த இடத்தில் எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். எங்கள் ஊர் 'ஆச்சி' அவருக்குப் புதிதாயிருந்தது போலும்; சிரித்தார். பிறகு கையை ஆற்றுப் பக்கமாக ஒருமுறை வீசி, தென்னந்தோப்புப் பக்கமாக ஒருமுறை வீசி, "அங்கொன்று இங்கொன்று. யாருக்கு நினைவு?" என்றார்.

அந்த மூதாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் நாள் முழுதும் இருந்து இளநீர் விற்பவர், காலடியிற் கிடைத்ததை எடுத்து வைக்கின்றார். அன்றைய அரிசிக்கு அது உதவுகின்றது. இந்தியாவிலே 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இருக்கின்றது. மேடும் அரசின் காவலுக்குட்பட்டது. ஆனால், வாங்குகின்ற கை இருக்குமட்டும் பொறுக்குகின்ற கையும் இருக்கும். மழை கொணர்ந்ததைப் பொறுக்குவதோடு அது நிற்பதுமில்லை. விலை கூடினால் மண்வெட்டி வரும். இரண்டாயிரம் ஆண்டு இருந்த அடுக்குகள் ஒரு பகற்பொழுதிற் கலைந்துவிடும்.

பெறாமகள் ஒரு முடிவுக்கு வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு நீண்டதாகத் தோன்றிற்று. நான் குறுக்கிடவில்லை. படித்த பெண், மாந்தையில் அந்த இளைஞர் சொன்னதைக் கேட்டவள். அவள் மூதாட்டியின் அருகில் அமர்ந்து, "ஆச்சி, நான் வாங்கவில்லை. ஆனால், இவற்றைச் சற்று நேரம் பார்க்க விடுவீர்களா?" என்றாள். கைக்குட்டையை விரித்து, அதில் இருந்தபடியே மணிகளைக் கொப்பியில் வரைந்தாள். ஒரே நிறத்து மணிகள் கூட ஒன்று குட்டையாயும் ஒன்று நீளமாயும் இருந்ததையும், மஞ்சள் மணிகள் மற்றவற்றினும் மங்கி அரித்திருந்ததையும் குறித்துக்கொண்டாள். கோத்திருந்த பகுதியிலே மணிகள் ஒரே நேராக நில்லாமல் மெல்ல அலைந்து நின்றன. மேலும் இரண்டு இளநீர் வாங்கினோம். குடிக்க முடியவில்லை, வழியில் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எழும்பும்போது மூதாட்டி, "பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டார். விடை சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

இனி, கைவேலையில் விருப்பமுடையோருக்காக, அந்த அலைவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இன்று கடைகளில் வரும் ஜப்பானிய மணிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பவை. கட்டமிட்ட சித்திர வேலைக்கு அவற்றை விஞ்சியவை இல்லை. ஆனால், ஒற்றைச் சரமாகக் கோத்தால் அவை குழாய்போல விறைத்து நிற்கும். கையால் வெட்டிய பழைய மணிகளோ நீளம் மாறி மாறி வருவதனாற் கழுத்திற் படிந்து ஓடும். இப்போது பழைய மணி வேண்டாமென்றால் இந்த அழகை எப்படிப் பெறுவது? வீடு திரும்பிய பின் பெறாமகள் அதற்கு வழி கண்டாள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒல்லியாயும் தடித்தும் சரிந்தும் உள்ள மணிகள் சில இருக்கும். மணி கோப்பவர்கள் அவற்றைக் கழித்து ஒதுக்குவது வழக்கம். அவள் இரண்டு ஆண்டுகளாகக் கழித்து ஒரு போத்தலிற் போட்டு வைத்திருந்த மணிகளையெல்லாம் கொட்டி, நிறவாரியாகப் பிரித்தாள். துளைநெடுக ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் உள்ள மணியாயின், 40 சென்ரிமீற்றர் மாலைக்கு 260க்கு மேல் வேண்டும். சிவப்பு முதற் பச்சைநீலம் வரை அவள் வரைந்த சரத்துக்குப் போத்தலே போதுமானதாயிற்று. கறுப்பு மட்டும் சிறிது வாங்க வேண்டியிருந்தது.

நிறம் மாறும் இடத்திலே சடுதியாக மாற்றக்கூடாது. ஐந்து சிவப்புக்கு ஒரு கறுப்பு, பின்னர் நான்குக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று இறக்கிக்கொண்டு வந்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு நிறம் தானே இருளுவதுபோலத் தோன்றும். எண்ணாமற் கோத்தால் எங்கோ ஓரிடத்தில் திட்டு விழும். மெழுகு தடவிய நூல் நல்லது. ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு சிறு முடிச்சு இட்டால், நூல் அறுந்தாலும் எல்லாம் சிந்திப்போகா.

மாலை முடிந்ததும் அவளுக்கு நின்றிருந்த ஊற்று மீண்டும் பெருகத் தொடங்கிற்று. தூரதேசம் போகாமலே, அடுக்களையில் வெங்காயம் போட்டிருக்கும் பனையோலைப் பெட்டி அவள் கண்ணிற் பட்டது. சாயமிட்ட ஓலையும் வெள்ளோலையும் ஏறி இறங்கும் பின்னல், கட்டம் கட்டமாகவே இருக்கின்றது. சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு மணியாக அதைப் பெயர்த்துக்கொண்டாள். சிறு மரச்சட்டத்திற் பாவு நூல் கட்டி நெய்வதற்கு, அகலத்தில் எத்தனை மணியோ அதற்கு ஒன்று கூடுதலாக நூல் வேண்டும். 11 மணிக்கு 12 நூல். 11 மணியையும் ஊசியிற் கோத்துப் பாவுக்குக் கீழே கொண்டுசென்று, நூல்களின் இடைவெளிகளில் ஒவ்வொன்றாக மேலே எழும்பும்படி விரலால் அழுத்தி, ஊசியைப் பாவுக்கு மேலாக அதே மணிகளின் ஊடே திருப்ப வேண்டும். 16 சென்ரிமீற்றர்க் கைப்பட்டிக்கு ஏறக்குறைய 80 வரிசை, மணிகள் 880. முதல் வரிசை மட்டும் தொல்லை தரும். நாலாவது வரிசைக்குப் பிறகு கை பழகிவிடும்.

கொழும்பு வியாபாரிக்கு அவள் மாலையையும் கைப்பட்டியையும் அனுப்பி வைத்தாள். "பழைய மணி எங்கே?" என்று கேட்டு அவர் தொலைபேசியில் அழைத்தார். "பழைய முறை இருக்கின்றது, மணி புதியது" என்றாள். பத்து மடங்கு கிடைக்கவில்லை. வழக்கமான விலைக்கு மாலையை எடுத்துக்கொண்டு கைப்பட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்; அதனை நானே விலை கொடுத்து வாங்கினேன். இப்போது அவள் செய்யும் ஒவ்வொன்றுடனும் ஒரு சிறு அட்டை சேர்த்துக் கட்டுகின்றாள். முன்பக்கத்தில் செய்த ஊரும் ஆண்டும் இருக்கும். பின்பக்கத்தில், மணி எந்நாட்டிலிருந்து வந்தது, மாதிரி எதைப் பார்த்து எடுத்தது என்று இரண்டு வரி எழுதியிருப்பாள்.